உளிக்குச் சொந்த ஊர் எது

எனக்கு அரசாங்க அலுவலகங்கள் மேல் கோபம் எதுவும் கிடையாது. உள்ளே போய்விட்டு வெளியே வரும்போதுதான் வருகிறது. தச்சர் பாவாடைக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் அவர் சாதுவான ஆள், அதனால் கோபப்படும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம் அது. வெள்ளைக்காரன் இருந்தவரை கப்பலில் வந்து இறங்கிய சாமானை யாரும் அவ்வளவாகக் கேள்வி கேட்டதில்லை. கொடி மாறியதும் மேலிடத்துக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஊருக்குள் கிடக்கும் சாமான்களில் எது உள்நாடு, எது வெளிநாடு? கடிகாரம், சென்ட்டு, சீமைச் சாராயம் இவற்றை விசாரிக்கப் பெரிய அதிகாரிகள் முண்டியடித்துக்கொண்டு முன்வந்தார்கள். மிச்சம் விழுந்தது சுத்தியும் உளியும். அவற்றை விசாரிப்பதற்கென்று கடற்கரையை ஒட்டிய ஒரு பழைய கிடங்குக்கு வெள்ளையடித்து, ‘கைக்கருவிப் பிறப்பிட நிர்ணய அலுவலகம்’ என்று பலகை மாட்டினார்கள். பலகையை மாட்டிய ஆளின் சுத்தியல்தான் முதலில் பறிமுதல் ஆனது.

அலுவலகத்துக்கு இரண்டு அதிகாரிகள். ஒருவர் மதராசிலிருந்து வந்த ஜானகிராமன். இன்னொருவர் பழைய சர்க்காரில் வேலை பார்த்து, புதிய சர்க்காரில் என்ன செய்வதென்று தெரியாமல் இங்கே உட்காரவைக்கப்பட்ட மிசியே ஒகுஸ்த். ஜானகிராமனின் கோப்பு இங்கிலீஷில் நடக்கும், ஒகுஸ்தின் கோப்பு பிரெஞ்சில் நடக்கும். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் வீட்டில் தமிழ்தான் என்றாலும், அலுவல் விஷயத்தை வீட்டு மொழியில் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கூடாது என்று விதி இருந்தது. மொழிபெயர்ப்பாளர் இன்னும் நியமிக்கப்படவில்லை. ஆகவே ஜானகிராமன் தமிழில் சொன்னதை பியூன் ராமலிங்கம் தமிழிலேயே ஒகுஸ்திடம் சொல்வான். ஒகுஸ்த் தமிழில் சொன்ன பதிலைத் திரும்பக் கொண்டுவருவான். இரண்டு மேசைக்கும் நடுவே கை எட்டும் தூரம்தான். ஆனாலும் ராமலிங்கம் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்துவிட்டான்.

குருசுக்குப்பத்துத் தச்சர் பாவாடைக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் வீட்டுக் கூரையின் கைமரங்களைச் செல் அரித்துவிட்டது என்பதும், ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றாவிட்டால் ஓடு தலையில் விழும் என்பதும்தான். ஊரார் கூரையை எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தன் வீட்டுக்கு வந்தார். ஓடுகளைப் பிரித்து வாசலில் அடுக்கினார். செல்லரித்த மரங்களை இறக்கினார். புது மரம் வந்து இறங்கிக் கிடந்தது. வீடு நாலு சுவராக நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி தனக்கொடி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு மூலையில் சாய்த்த தென்னங்கீற்றுக்கு அடியில் சமைத்தாள். ஒரு வாரம்தானே, முடித்துவிடுவார் என்று அவளும் பொறுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் பெட்டி போயிற்று. பகலில் ஒரு பங்களாவில் ஜன்னல் வேலையை முடித்துக்கொண்டு, கருவிப்பெட்டியைத் தோளில் தூக்கி, வீட்டுக் கூரையை நினைத்துக்கொண்டு வேகமாக வந்தவரை ராமலிங்கம் வழிமறித்தான். பின்னாலேயே ஜானகிராமன் வந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வாச்சி, உளி, ரம்பம், இழைப்புளி, சுத்தியல், உளியை அடிக்கிற மரக்கட்டையான கொட்டாப்புளி எல்லாம் இருந்தன. இதெல்லாம் எங்கே செய்தது என்று ஜானகிராமன் கேட்டார். பாவாடைக்குக் கேள்வி விளங்கவில்லை. மாமனார் கொடுத்தது என்றார். மாமனாருக்கு யார் கொடுத்தது என்று அடுத்த கேள்வி வந்தது. அவருடைய மாமனார் என்றார் பாவாடை. ஜானகிராமன் கோப்பில் ‘மாமனார்கள் வழியாக இறக்குமதி’ என்று குறித்துக்கொண்டு பெட்டியை எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் காலை பாவாடை அலுவலகத்தில் நின்றார். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கண் பெட்டியின் மேலும் ஒரு கண் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வானத்தின் மேலும் இருந்தது. ஜானகிராமன் அவரை உட்காரச் சொல்லவில்லையே தவிர, அன்பாகத்தான் பேசினார்.

“பயப்படாதே பாவாடை. இந்த ஆபீஸே உனக்காகத்தான் இருக்கு. உன்னை மாதிரி நாலு பேர் வந்தாத்தான் இங்கே வேலை நடக்குதுன்னு மேலே தெரியும். யாருமே வரலேன்னா எங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க. நான் வீடு பிடிச்சு, பசங்களை ஸ்கூல்ல சேர்த்துட்டேன். உன் கேஸை லேசிலே முடிச்சுட மாட்டேன்.”

பாவாடை கும்பிட்டார். தன் வீட்டில் கூரை இல்லை என்பதையும் மழை வரப்போகிறது என்பதையும் சொன்னார். மழை இந்த அலுவலகத்தின் அதிகாரத்துக்குள் வராது என்று ஜானகிராமன் வருத்தத்தோடு தெரிவித்தார்.

பிறகு மிசியே ஒகுஸ்தின் முறை. அவர் உளியைக் கையில் எடுத்து மேசை விளிம்பில் தட்டி, காதருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிரான்ஸ் எஃகு என்றால் தட்டியதும் ஒரு கண்ணியம் கேட்கும் என்றார். இந்த உளியில் அது கேட்டதா இல்லையா என்று உடனே சொல்ல முடியாது, இன்னும் சில நாள் தட்டிப் பார்க்க வேண்டும் என்றார். பாவாடையின் முகத்தைப் பார்த்து அவருக்கும் இரக்கம் வந்துவிட்டது.

“எங்க காலத்துலே உன்னை இப்படி நிக்க வெச்சு விசாரிச்சிருக்க மாட்டாங்கய்யா. மனுவை வாங்கி வெச்சுக்குவோம். நீ செத்த பொறவு உன் புள்ளைக்குப் பதில் வரும். அதுலே ஒரு மரியாதி இருந்துது.”

அன்றைக்கே சுத்தியலின் தலையை ஒரு பக்கமும் பிடியை ஒரு பக்கமும் கழற்றினார்கள். பிடி கருவேல மரம், ஆகவே உள்நாடு. தலை சந்தேகத்துக்குரியது. உள்நாட்டு அறையில் பிடியும் வெளிநாட்டு அறையில் தலையும் வைத்துப் பூட்டப்பட்டன. இழைப்புளியின் கட்டையும் அலகும் அப்படியே பிரிந்தன. கொட்டாப்புளி முழுக்க முழுக்கப் புளிய மரம் என்பதால் அதையாவது கொடுங்கள் என்று பாவாடை கெஞ்சினார். அது சந்தேகத்துக்குரிய உளியோடு நெடுங்காலம் சேர்ந்து வேலை செய்திருப்பதால் உடந்தை என்று ஜானகிராமன் முடிவு சொன்னார்.

மிச்சமிருந்த ஒரே ஆதாரம் ரம்பத்தில் இருந்தது. பிடிக்குப் பக்கத்தில், செய்தவன் பொறித்த முத்திரை ஏதோ ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. மாமனார் காலத்திலிருந்து வருஷா வருஷம் ஆயுத பூசைக்குச் செங்கல் பொடியும் புளியும் போட்டுத் தேய்த்ததில் முத்திரை அழிந்து ஒரு வளைந்த கோடு மட்டும் பாக்கி நின்றது. தடயத்தை ஏன் அழித்தாய் என்று ஜானகிராமன் கேட்டார். சாமிக்கு முன்னால் அழுக்காக வைக்க முடியுமா என்று பாவாடை திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி மட்டும் கோப்பில் ஏறவில்லை.

வளைந்த கோட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்த ஒகுஸ்த், அது சேவலின் வால் என்றார். சேவல் பிரான்சின் சின்னம், ஆகவே ரம்பம் பிரெஞ்சு. ஜானகிராமன் அதே கண்ணாடியில் பார்த்துவிட்டு அது யானையின் தும்பிக்கை, ஆகவே ரம்பம் இந்தியா என்றார். ராமலிங்கம் சேவலை ஜானகிராமனிடமும் யானையை ஒகுஸ்திடமும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனான். ஒகுஸ்த் சேவல் குலத்தின் பெருமையைப் பற்றி நீண்ட குறிப்பு எழுதினார். ஜானகிராமன் அதைவிட நீளமாக யானையைப் பற்றி எழுதினார். பாவாடை ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சேதி ஊருக்குள் பரவியது. சவரக்காரர்கள் கத்தியை அரிசிப் பானைக்குள் போட்டார்கள். லூயி கொத்தனார் கரணையை மணலில் புதைத்துவிட்டு, இடம் மறந்துபோய் கரையெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தார். தையற்காரர் ஒருவர் கத்தரிக்கோலை ஒளித்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் துணியைப் பல்லால் கிழித்துக் கொடுத்ததாகச் சொன்னார்கள். பாவாடை மற்றத் தச்சர்களிடம் ஒரு ரம்பத்துக்காக அலைந்தார். சும்மா இருக்கும் நாளிலேயே தச்சன் தன் உளியை இன்னொருவன் கையில் கொடுக்க மாட்டான். இப்போது எல்லோரும் தாங்கள் தச்சர்களே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கடலூர்ப் பக்கம் மழை பிடித்துவிட்டது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். குழந்தைக்கு ஈரக்காற்றில் சளி கட்டி, மூச்சு கர்ரென்று இழுத்தது. தனக்கொடி அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் வாசலுக்கும் தெருவுக்குமாக நடப்பதைப் பார்த்தாள்.

“இன்னாத்துக்கு இப்படி அலையறே? மழை வந்தா புள்ளைய எங்கே வெச்சுக்கறது? அத்த மட்டும் சொல்லு.”

நல்ல தச்சன் என்று நாலு பேர் சொன்ன ஆள், சொந்தப் பிள்ளைக்கு மேலே ஒரு கூரை இல்லாமல் நிற்பதை நினைத்து அவருக்கு அழுகை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் அலுவலகத்துக்கே நடந்தார்.

அன்று ஆயுத பூசை. அலுவலகம் ஜே ஜே என்றிருந்தது. தட்டச்சு இயந்திரம் இன்னும் வந்து சேராததால் பூசைக்கு வைக்க ஆயுதம் எதுவும் இல்லாமல் ஜானகிராமன் சங்கடப்பட்டிருக்கிறார். பறிமுதல் அறையில் இத்தனை ஆயுதம் இருக்கும்போது கவலை எதற்கு என்று ராமலிங்கம் யோசனை சொல்லியிருக்கிறான். வாழையிலை மேல் பாவாடையின் வாச்சியும் உளியும் ரம்பமும் சந்தனம் குங்குமத்தோடு பளபளவென்று இருந்தன. சுத்தியல் தலைக்கும் பிடிக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்திருந்தார்கள். ஜானகிராமன் கற்பூரம் காட்டினார். ஒகுஸ்த் தான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர் என்பதால் கொஞ்சம் தள்ளி நின்று சுண்டல் சாப்பிட்டார். பொதுமக்கள் சார்பில் பாவாடைக்கு ஜன்னல் வழியாக ஒரு கை பொரி கொடுத்தார்கள். பொரியை வாங்கிக்கொண்டு தன் உளியைத் தூரத்திலிருந்தே கும்பிட்டார். வேறு என்ன செய்வது?

பூசை முடிந்து ரம்பத்தை எடுத்த ஜானகிராமன் பிடிக்குப் பக்கத்தில் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சேவலும் இல்லை, யானையும் இல்லை. பூசைக்கு வைக்கிற சாமானை அப்படியே வைக்கலாமா என்று ராமலிங்கம் விடியற்காலையிலேயே வந்து, செங்கல் பொடியும் புளியும் போட்டுச் சுத்தமாகத் தேய்த்திருந்தான். அவன் பேரில் தப்பு சொல்ல முடியாது. அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். ஜானகிராமன் வீட்டிலும் அப்படித்தான்.

பிறகு இரண்டு அதிகாரிகளும் முதல் தடவையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். பாவாடை குடும்பம் இத்தனை வருஷமாகத் தேய்த்துவந்த தேய்ப்பின் கடைசிப் பகுதியைத்தான் அலுவலகம் செய்திருக்கிறது, ஆகவே பொறுப்பு பாவாடையுடையது. விஷயம் மேலிடத்துக்குப் போனது. மேலிடம் அதிசயமாக உடனே பதில் போட்டது. ஒரு கருவியின் முத்திரை தெரியாதபோது, அது இப்போதிருக்கும் உருவத்தை எங்கே அடைந்ததோ அதுவே அதன் பிறப்பிடம்.

பிடி போட்டது யார்? பாவாடை. அலகைத் தீட்டித் தீட்டிப் பாதியாக்கியது யார்? பாவாடை. முத்திரையைத் தேய்த்தது யார்? பாவாடை. எங்கே? குருசுக்குப்பத்தில் தன் வீட்டு வாசலில். ஆக, இந்தக் கருவிகள் எல்லாம் குருசுக்குப்பத்தில் உற்பத்தியானவை. பாவாடையின் வீடு, அனுமதி பெறாமல் நடக்கும் கருவித் தொழிற்சாலை.

ஆள் தள்ளுகிற புஸ்புஸ் வண்டியில் இரண்டு அதிகாரிகளும், பின்னால் பறிமுதல் பெட்டியைச் சுமந்துகொண்டு ராமலிங்கமும் குருசுக்குப்பத்துக்கு வந்து இறங்கினார்கள். வானம் கரேலென்று இருந்தது. ஜானகிராமன் வீட்டுக்குள் தலையை நீட்டி மேலே பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். தொழிற்சாலைக்குக் கூரை இல்லை. விசாரணையில் இருக்கும் தொழிற்சாலையும் அதன் சாதனங்களும் மழையில் நனைந்தால் பொறுப்பு அலுவலகத்தின் தலையில் விழும். உடனே கூரை போட உத்தரவிட்டார்.

கூரை போடத் தச்சன் வேண்டும். ஊரில் தன்னைத் தச்சன் என்று ஒப்புக்கொள்ளும் ஒரே ஆள் பாவாடைதான். தச்சனுக்குக் கருவி வேண்டும். தொழிற்சாலைச் சாதனங்களைத் தொழிற்சாலைக்குள்ளேயே பயன்படுத்தத் தடையில்லை என்று ஒகுஸ்த் கண்டுபிடித்தார். பெட்டி திறந்தது. பாவாடை சுத்தியலின் தலையையும் பிடியையும் சேர்த்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். இரண்டும் ஒன்றாயின. உளியை வாங்கி அதன் முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார்.

அன்று அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். கைமரம் ஏறியது, சட்டம் ஏறியது. குப்பத்து ஆட்கள் வரிசையாக நின்று ஓடுகளைக் கைமாற்றி மேலே கொடுத்தார்கள். அதிகாரிகள் குடையோடு நின்று மேற்பார்வை பார்த்தார்கள். பாவாடைக்கு எதுவும் காதில் விழவில்லை. மழை, பிள்ளை, மழை, பிள்ளை என்றே அடித்துக்கொண்டிருந்தார். கடைசி ஓட்டை வைத்தபோது முதல் தூறல் அவர் முதுகில் விழுந்தது. கீழே இறங்கி, கருவிகளைப் பெட்டியில் போட்டு உள்ளே சுவரோரமாக வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு தனக்கொடியைக் கூப்பிட வெளியே வந்தார்.

தனக்கொடி அடுப்போடும் பானைகளோடும் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். பாயும் அம்மியும் குழவியும் தூளியும் பக்கத்தில் கிடந்தன. தொழிற்சாலைக்குள் குடித்தனம் நடத்தக் கூடாது என்று அவர் மேலே இருந்தபோதே எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பாவாடை வெளியே கால் வைத்ததும் ராமலிங்கம் கதவைச் சாத்திப் பூட்டு மாட்டினான். ஜானகிராமன் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். அந்த நேரம் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது.

பாவாடை குழந்தையின் மேல் பாயை விரித்துப் பிடித்தார். ஜானகிராமன் ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மனசாரப் பாராட்டினார்.

“சபாஷ் பாவாடை. ஒரு சொட்டு ஒழுகலே. இப்படி ஒரு வேலைக்காரனை நான் மதராசிலேகூடப் பார்த்ததில்லே.”

தனக்கொடி குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். குனிந்து அம்மியின் மேல் கிடந்த குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். ஜானகிராமனுக்கு இத்தனை நாள் பழகிய வாய்.

“ஏம்மா, இந்தக் குழவி எங்கே செஞ்சது?”

“தெரியாதுங்க. கையிலே வாங்கிப் பாக்கறீங்களா?”

அவர் இரண்டடி பின்னால் போனார். பூட்டு ஒரே அடியில் தெறித்து வாய்க்காலில் விழுந்தது. தனக்கொடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பிள்ளையை வாங்கித் தலையைத் துவட்டினாள். பாவாடை அடுப்பை உள்ளே எடுத்து வைத்தார்.

வெளியே, மழையில், அதிகாரிகள் ஆலோசித்தார்கள். அவர்கள் குடைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, நடுவில் ராமலிங்கம் நனைந்துகொண்டு போய்வந்தான். முத்திரையை உடைத்தது பெரிய குற்றம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் குற்றம் ஒரு கைக்கருவியால் நடந்திருக்கிறது. பிறப்பிடம் நிர்ணயமாகாத கருவியின் மீதோ அதைக் கொண்டு செய்த காரியத்தின் மீதோ எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்பது அலுவலகத்தின் முதல் விதி. அந்த விதியை எழுதியவரே ஜானகிராமன்தான். முதலில் குழவியை விசாரிக்க வேண்டும், அது முடியும்வரை அந்த வீட்டில் மறுபடி பூட்டுப் போட முடியாது. ராமலிங்கம் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு முனகியபடி நடந்தான்.

விசாரணை இன்றைக்கும் நடக்கிறது. கல் செஞ்சி மலையுடையது என்று ஒகுஸ்த் கண்டுபிடித்துவிட்டார். செஞ்சிக் கோட்டை ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் குழவி பிரெஞ்சு என்பது அவர் கட்சி. மலை அதற்கு முன்னாலேயே அங்கே இருந்தது என்பது ஜானகிராமன் கட்சி. இரண்டு பக்கமும் குறிப்புகள் வளர்ந்து தனி அலமாரி வாங்கியாகிவிட்டது. ஜானகிராமனின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை முடிக்கப்போகிறார்கள்.

பாவாடைக்கு வேலை குறைவில்லை. ஆனாலும் யாராவது கதவைத் தட்டினால் கையில் இருக்கும் உளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டுதான் திறக்கிறார். தனக்கொடி பக்கத்து வீட்டு அஞ்செல் அம்மாளின் குழவியை இரவல் வாங்கி மசாலா அரைக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போய் விளக்கேற்றி, அந்த ஆபீசுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது, ஐயாமார் இரண்டு பேரும் நூறு வயசு இருந்து இதே மாதிரி விசாரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். இந்த ஊரில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்காக மனமுருகி வேண்டிக்கொள்ளும் ஆள் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.